சித்தப்பா தேடிய இரைச்சல்

சித்தப்பா செய்த ரேடியோவைப் பார்த்தவர்கள் யாரும் அதை ரேடியோ என்று உடனே ஒப்புக்கொண்டதில்லை. பால் டின் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தகரம் அடித்து, தகரத்தில் ஓட்டை போட்டுக் கண்ணாடிக் குழல்களான வால்வுகளைச் செருகியிருந்தார். ஒலிபெருக்கிக்கு உடம்பே கிடையாது. ஒரு பலகையில் திருகாணி போட்டு இறுக்கி, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். தோட்டத்துக் கணக்கு எழுதும் பக்கத்து வீட்டுக் கிராணியின் மனைவி முதல்தடவை வந்து பார்த்துவிட்டு, "இதுல என்னா தம்பி, கோழி அடை வைக்கப் போறியா?" என்று கேட்டார். அன்று முழுவதும் சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது இது. சிங்கப்பூருக்கு ரயில் போகும் வழியில், ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அப்பாதான் டாக்டர், அப்பாதான் நர்ஸ், சமயத்தில் அப்பாதான் சவப்பெட்டிக்கு அளவெடுப்பவரும். சித்தப்பா அவருடைய தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்தார். ரப்பர் ஆலையில் எஞ்சின் கொட்டகையில் வேலை. தோட்டத்துக்கு மின்சாரம் அந்த எஞ்சினிலிருந்துதான் வரும். பொழுது சாய்ந்ததும் துரை பங்களா, ஆஸ்பத்திரி, கிராணி வீடு, எங்கள் வீடு, இவ்வளவுக்கும் விளக்கெரியும். தொழிலாளர்கள் இருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பா மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பையனாம். தாயில்லாத பிள்ளை. குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அம்மாதான். அவர் அண்ணி என்று கூப்பிடுவதற்கும் நான் அம்மா என்று கூப்பிடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அம்மா முதலில் அவர் பக்கம் திரும்புவாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அம்மா நன்றாகப் பாடுவாள். அதைவிட நன்றாகக் கேட்பாள். மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை நடக்கும்போது ஆர்மோனியக்காரர் அடிக்கடி பெண்கள் பக்கம் பார்ப்பார். எல்லோரும் அவரைத் தப்பாக நினைத்தார்கள். உண்மையில் அவர் பார்த்தது அம்மாவின் முகத்தை. சுருதி கொஞ்சம் விலகினாலும் அம்மாவின் புருவம் சுருங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் அவர் சரி செய்துகொள்வார்.

அப்புறம் அம்மாவுக்கு மலேரியா வந்தது. அப்பாவின் ஆஸ்பத்திரியிலேயே நினைவில்லாமல் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று கோயில் பூசாரி வரைக்கும் முடிவு செய்துவிட்டார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் பாட்டு வரவில்லை. பேச்சும் குறைந்துபோனது. பின்கட்டில் உட்கார்ந்து ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறாளா, கேட்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. கிராணியின் மனைவி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுப் பார்த்தார். அப்பா எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

சித்தப்பாதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சிங்கப்பூர் வானொலியில் சில நாள் மாலைகளில் கொஞ்ச நேரம் தமிழ்ப் பாட்டுப் போட்டார்கள். துரை பங்களாவில் ரேடியோ இருந்தது. ஆனால் துரைக்குத் தமிழ்ப் பாட்டு தேவைப்படவில்லை. "நல்ல பாட்டா நாலு கேட்டா அண்ணி பழையபடி ஆயிடுவாங்க" என்றார் சித்தப்பா. லீவு நாளில் ரயிலேறிச் சிங்கப்பூர் போய்ப் பழைய சாமான் சந்தையில் யாரோ கழித்துப்போட்ட சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். எஞ்சின் கொட்டகையில் இருந்த சீன ஃபிட்டரிடம் ஈயப்பற்று வைக்கக் கற்றுக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பெட்டி.

முதல் நாள் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தார். கிராணியின் மனைவி அழைக்காமலே வந்து பாயில் உட்கார்ந்தார். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசற்பக்கம் நின்றார். விளக்கு வந்ததும் சித்தப்பா சாமி கும்பிட்டுவிட்டு விசையைத் திருப்பினார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு அந்தச் சத்தம் வந்தது. பாட்டு இல்லை. நெல் மில்லுக்குள் தலையை விட்டது மாதிரி 'ங்' என்று ஓர் இரைச்சல். அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், யாரோ ஓர் அம்மாள் கிணற்றுக்குள் விழுந்துவிட்டுப் பாடுவது போலக் கேட்டது.

"அலாமாக்! நிறுத்து தம்பி, நிறுத்து லா. மண்டை வெடிக்குது" என்று கிராணியின் மனைவி எழுந்துவிட்டார். அப்பா உள்ளே போய்விட்டார். சித்தப்பா பெட்டியைத் தட்டினார், கம்பியை ஆட்டினார், அது இன்னும் உரக்கக் கத்தியது. அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் விளிம்புக்கு வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா வெட்கத்தோடு, "இரைச்சலா கேக்குதா அண்ணி?" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"கேக்குது தம்பி" என்றாள். "ஒனக்கும் கேக்குதா?"

"கேக்காம என்ன அண்ணி! கவலைப்படாதீங்க. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்திட்டுத்தான் மறுவேலை."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே அந்த இரைச்சலைச் சுற்றித்தான் நடந்தது. இரைச்சலைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு என்று சித்தப்பா எனக்கு விளக்கினார். ஏரியல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வால்வாகப் பிடுங்கிக்கொண்டே வரவேண்டுமாம். "ஒவ்வொருத்தன் வாயா மூடிக்கிட்டே வந்தா, கடைசியில எவன் பேசுறான்னு தெரிஞ்சிடும்ல?" கடைசி வால்வு ஒன்றை மட்டும் விட்டபோதும் இரைச்சல் அப்படியே இருந்தது. ஆகவே குற்றம் மின்சாரம் வரும் வழியில் என்று முடிவாயிற்று. இன்னும் பெரிய கண்டென்சர் ஒன்று கொண்டுவந்து வைத்தார். பாதி இரைச்சல் அடங்கியது. டிரான்ஸ்பார்மரைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். இன்னும் கொஞ்சம் அடங்கியது. வால்வுகளைச் சூடேற்றும் கம்பிகளைப் பின்னல் பின்னுவது மாதிரி முறுக்கிவிட்டார். பல இடங்களில் தகரத்தோடு இணைத்திருந்த கம்பிகளையெல்லாம் பிரித்து, ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டினார். கொல்லையில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, அதில் எர்த் கம்பியைச் சுற்றினார்.

ஒவ்வொன்றும் முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். தோட்டத்திலேயே நல்ல காது அம்மாவுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "இப்ப அண்ணி?"

"இருக்கு தம்பி."

"குறைஞ்சிருக்கா?"

அம்மா வெகு நேரம் யோசிப்பாள். "இருக்கு" என்பாள்.

ஒரு மாலை பாட்டு சுத்தமாக வந்தது. வீணைக் கம்பி அதிர்ந்து அடங்குவதுகூடக் கேட்டது. கிராணியின் மனைவி வேலிக்கு அப்பால் நின்று தலையாட்டினார். எனக்கு இரைச்சலே கேட்கவில்லை, சொன்னேன். "ஒனக்கு என்ன தெரியும்? சும்மா இரு" என்றார் சித்தப்பா. அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை அசைத்தாள். இருக்கிறது.

"எப்படி இருக்கு அண்ணி? தடிப்பாவா, சன்னமாவா?"

"சன்னமா. சில்வண்டு மாதிரி. விடாம."

சித்தப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மின்சார இரைச்சல் தடிப்பாக இருக்கும். அதைத்தான் அவர் பிடித்து அடக்கியிருந்தார். சன்னமாக ஒன்று மிச்சமிருக்கிறது என்றால், வால்வுகளில் ஏதோ ஒன்று தானாகவே ஊளையிடுகிறது, மற்றவர்களுக்குக் கேட்காத உயரத்தில். அப்படித்தான் அவர் நினைத்தார். பெட்டி முழுவதையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார். மறுபடி பிரித்தார். வீட்டில் எங்கே கால் வைத்தாலும் ஈயத் துளி குத்தியது. சாப்பிடும்போதும் விரலால் தட்டில் கம்பி வரைந்துகொண்டிருந்தார். எஞ்சின் கொட்டகையில் எண்ணெய் ஊற்ற மறந்து, துரையிடம் நாய் வாங்காத பேச்சு வாங்கினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார்களாம். கண்கள் குழிந்துபோயின. "எங்கியோ இருக்கு, என் கண்ணுக்குத்தான் படமாட்டேங்குது" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்களில் அவள் கொஞ்சம் பேசவும் செய்தாள். அப்பா மட்டும் அந்த அறைக்குள் வரமாட்டார். "இரைச்சல், இரைச்சல்னு அந்தப் பேச்சே வேணாம் இந்த வீட்டுல" என்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவருக்குப் பாட்டுப் பிடிக்காது போல என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாலை விளக்கு வந்த சற்று நேரத்தில் ஆலையில் பெல்ட் அறுந்து எஞ்சின் நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. வால்வுகளின் சிவப்பு மங்கி மறைந்தது. எந்நேரமும் பின்னால் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தமும் இல்லாமல் போனதால் தோட்டமே மூச்சை நிறுத்தியது போல ஆனது.

அந்த அமைதியில் அம்மா படபடவென்று சொன்னாள்: "இதோ தம்பி, இப்ப நல்லா கேக்குது. எங்கேருந்து வருதுன்னு இப்பப் பாரு."

"எது அண்ணி?"

"அதான், நீ தேடுறியே, அது."

சித்தப்பா சிரித்தார். "செட்டு செத்துக் கெடக்கு அண்ணி. கரண்டே இல்ல."

"தெரியும். செட்டு இல்லாதப்பவும் இருக்கும். காலையில கரண்டு இல்லாதப்பவும் இருக்கும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா இருக்கு."

சித்தப்பா இருட்டில் பெட்டியைத் தடவிப் பார்த்தார். அம்மாவே தொடர்ந்தாள். குரல் தணிந்துவிட்டது. "யார்கிட்ட சொல்றது? கிறுக்குன்னு சொல்லுவாங்க. நீ அன்னிக்கு வந்து, இரைச்சலா கேக்குதா அண்ணின்னு கேட்டியே, அப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு. ஒனக்கும் கேக்குதேன்னு. கம்பிலேருந்து வருது போல, தம்பி நிறுத்திடுவான்னு நெனச்சேன்."

நான் மெழுகுவத்தி கொண்டுவந்தபோது சித்தப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பிடுங்கிய வால்வு ஒன்று இருந்தது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இருவரும் சேர்ந்து தேடியது ஒரே இரைச்சலை இல்லை என்று இருவருக்கும் அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். "அப்ப இதை நிறுத்த முடியாதா தம்பி?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

அப்பா இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அண்ணி காதுல..."

"தெரியும்" என்றார் அப்பா.

"என்னா தெரியும்?"

"கொயினா மருந்து. அதனாலதான். காய்ச்சல் எறங்கல. அளவைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். கூட்டலன்னா அன்னிக்கே காட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்போம்."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"போயிடும்னு நெனச்சேன். எல்லாருக்கும் போயிடுது."

"நான் கம்பியப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினதப் பாத்துக்கிட்டே இருந்தீங்களேண்ணே" என்றார் சித்தப்பா.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், அப்பா வழக்கம்போல் கொயினாத் தண்ணீர் வாளியோடு நின்றார். ஆளுக்கொரு கிண்ணம். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். காது ரீங்காரம் போடுகிறது என்று யாராவது முனகினால், "மருந்து வேலை செய்யுது, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பது அவர் எப்போதும் சொல்லும் பதில். அன்றும் ஒரு கிழவர் முனகினார். அப்பா அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெட்டியின்மேல் துணி போட்டு மூடியாயிற்று. அம்மா பின்கட்டுக்கே திரும்பிப் போனாள். முன்பு அவளுக்கு என்னவென்று தெரியாத ஒன்று இருந்தது, இப்போது அது மருந்தால் வந்தது என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் நாங்கள் அவளுக்குச் செய்தது.

மழைக்காலம் பிறந்ததும் காய்ச்சல் திரும்பி வந்தது. கட்டிலே ஆடும்படி அம்மா நடுங்கினாள். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து சீசாவோடு வந்தார். சித்தப்பா அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னுமா ஊத்தப் போறீங்க? மிச்சம் இருக்கிற காதும் போயிடும்."

"வேற என்ன மருந்து இருக்கு, சொல்லு. நீ சொல்லு, அதைக் குடுக்குறேன்" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். "காதா உசிரா, நீயே சொல்லுடா."

சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே நின்றார்கள். சண்டை போடுகிறார்களா, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நிற்கிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாதான் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.

"குடுங்க. பாப்பா சின்னப்பிள்ளை" என்றாள் என்னைப் பார்த்து.

சித்தப்பா வழிவிட்டார். அப்பா அளந்து ஊற்றினார். அம்மா முழுவதையும் குடித்துவிட்டு, பெரட்டில் ஆட்கள் செய்வதுபோல அப்பாவிடம் வாயைத் திறந்து காட்டினாள். வேடிக்கைக்குத்தான் செய்தாள் என்று நினைக்கிறேன். நான் மட்டும் சிரித்தேன்.

இந்தத் தடவையும் பிழைத்தாள். அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சித்தப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சொல்லி வைத்தார். எங்கள் வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, பெட்டியின்மேல் கிடந்த துணியை எடுத்தார். "கடைசியா ஒரு தடவை உக்காருங்க அண்ணி" என்று அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தார். பாட்டு வந்தது. அவ்வளவு சுத்தமாக அந்தப் பெட்டி அதற்கு முன் பாடியதில்லை. பாடிய பெண் மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. அம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பார்த்தபடி இருந்தாள்.

பாட்டு முடிந்தது. யாரோ ஒருவர் ரப்பர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சித்தப்பா அம்மாவின் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணி, அந்த இரைச்சல்... இப்ப எப்படி இருக்கு?"

அம்மா அவர் வாயையும் கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"இல்ல தம்பி. நின்னுபோச்சு."

"நெசமாவா?"

"நின்னுபோச்சு. நீ நிம்மதியாப் போயிட்டு வா. பாட்டு ரொம்ப நல்லா இருக்கு."

பாட்டு எப்போதோ முடிந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சித்தப்பா அம்மாவின் காலடியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரியவர்கள் சந்தோஷத்தில்கூட அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுதான் இது என்று நினைத்தேன். ரேடியோவில் அந்த மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். அம்மா அவருக்கும் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சித்தப்பா ரயிலேறினார். அவரை அனுப்பிவிட்டு நான் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்பா ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இரைச்சல் நின்றுவிட்டதாம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். இடுக்கியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"அவளே சொன்னாளா?"

"ஆமாப்பா. சித்தப்பாகிட்ட சொன்னாங்க."

அவர் அடுப்பை அணைத்தார். ஆட்கள் காத்திருந்தும், அன்று என்னோடு பகலிலேயே வீட்டுக்கு வந்தார்.

அம்மா பின்கட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நிலைப்படியில் நின்று கூப்பிட்டார். அம்மா திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். முறம் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை அப்பா கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்றிக்கொண்டு போய், அவள் கண்ணில் படும்படி எதிரே தரையில் உட்கார்ந்தார். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்பா முறத்தை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார். ஒரு கல்லைக்கூட அவர் எடுக்கவில்லை.

நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காது என்று எனக்குத் தோன்றவேயில்லை. அப்பா இவ்வளவு இறங்கி வந்தும் அம்மா கூப்பிட்ட குரலுக்குத் திரும்பக்கூட இல்லையே, இன்னும் இத்தனை கோபமா என்றுதான் நினைத்தேன். கோபம்தானே, தீர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விளையாடப் போனேன்.